அக்தோபான் மடம்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மெக்சிகோ போய் வந்த நம்மவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும்: தியோதிவாகான் பிரமிடுகள், கான்கூன் கடற்கரை. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பிரமிடு கட்டிய மக்களின் வழிவந்தவர்கள் எப்படிச் சிலுவை போட்டுக்கொள்ளும் மக்களானார்கள் என்ற நடுக்கதை அந்த இரண்டு இடத்திலும் கிடைக்காது. அது கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் நிற்கும் 16ஆம் நூற்றாண்டு மடங்களில் இருக்கிறது. கோட்டை மாதிரி மதிலெழுப்பிய அந்த மடங்களின் சுவர் முழுக்க ஓவியங்கள்.

இப்படிப்பட்ட மடங்கள் மெக்சிகோவில் ஏராளம். முதல்முறை பார்க்கப் போகிறவருக்கு எதைச் சொல்வது என்றால், நான் யோசிக்காமல் அக்தோபானைச் சொல்வேன். இடால்கோ மாநிலத்தில், மெக்சிகோ நகரத்துக்கு வடக்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தொலெந்தினோவின் புனித நிக்கோலாஸ் பெயரில் அகுஸ்தினார் சபைத் துறவிகள் கட்டியது. ஒரு மடத்தில் இருக்க வேண்டிய எல்லா உறுப்பும் இங்கே ஒரே இடத்தில், பெரிதாகச் சிதையாமல் இருக்கின்றன. இதை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் மற்ற மடங்களைப் பார்க்க வழிகாட்டியே தேவைப்படாது.

உள்ளே போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று, இது யார் பார்ப்பதற்காக வரையப்பட்டது என்று கேளுங்கள். அழகு, பழமை, பாணி எல்லாம் பிறகு தானாக வரும்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

1521இல் அஸ்தெக் தலைநகர் தெனோச்தித்லான் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸிடம் வீழ்ந்தது. 1524இல் பன்னிரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் வந்து இறங்கினார்கள். 1526இல் தொமினிக்கன் சபையினர். அகுஸ்தினார் சபையினர் கடைசியாக 1533இல்தான் வந்தார்கள், ஏழே பேர். அதற்குள் தலைநகரைச் சுற்றியிருந்த செழிப்பான பகுதிகளை முன்னவர்கள் பங்கு போட்டுவிட்டார்கள். அதனால் பின்னால் வந்தவர்கள் வடக்கே, கள்ளியும் கற்றாழையும் மண்டிய மெஸ்கித்தால் பள்ளத்தாக்குப் பக்கம் போனார்கள். அது ஒத்தொமி மக்களின் பூமி.

அக்தோபானில் 1548இல் மடம் ஏற்பட்டது. 1550 வாக்கில் கட்டுமானம் தொடங்கியது. இந்த ஆண்டுக் கணக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள். 1545 முதல் 1548 வரை மெக்சிகோ முழுவதையும் ஒரு பெரும் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. அது ஓய்ந்த கையோடு, மிஞ்சிய மக்களின் உழைப்பில்தான் இந்தப் பிரம்மாண்டம் எழும்பியது. கல் உடைத்தது, சுண்ணாம்பு நீற்றியது, சுமந்தது எல்லாம் ஒத்தொமி ஆட்கள். அகுஸ்தினார் சபையினர் தேவைக்கு மிஞ்சிய ஆடம்பரமாகக் கட்டுகிறார்கள், மக்கள் தாங்கமாட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேராயர் அலோன்சோ தெ மோந்தூஃபார் ஸ்பெயினுக்கு முறையிட்டிருக்கிறார்.

கட்டிய பெருமையை ஆந்திரேஸ் தெ மாத்தா என்ற துறவிக்குக் கொடுக்கிறார், 1624இல் சபையின் வரலாற்றை எழுதிய ஹுவான் தெ கிரிஹால்வா. பக்கத்து ஊரான இஸ்மிகில்பான் மடத்தையும் இதே மாத்தாவின் கணக்கில்தான் சேர்க்கிறார். வரைந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே படம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த தலாகுயிலோ என்ற ஓவியர் மரபு அங்கே இருந்தது. அந்தக் கைகள்தான் இங்கே பெரும்பாலான வேலையைச் செய்தன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

மடம் என்றதும் நமக்குக் கன்னியர் மடம்தான் நினைவுக்கு வரும். இது ஆண் துறவிகள் வாழ்ந்த இடம். இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு சமயத்தில் தங்கியிருந்த துறவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை போகாதீர்கள். மடப் பகுதி தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ குடிமக்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் சேரும். கோயில் பகுதி இன்றும் வழிபாட்டில் இருக்கும் பங்குக் கோயில். ஞாயிறன்று பூசை, திருமணம், ஞானஸ்நானம் என்று நெரிசலாக இருக்கும்.

என் தேர்வு புதன்கிழமை. அன்றைக்கு ஊரில் சந்தை. பள்ளத்தாக்குக் கிராமங்களிலிருந்து ஒத்தொமி மக்கள் காய்கறி, மூலிகை, பானை, கயிறு எல்லாம் கொண்டுவந்து விற்பார்கள். மடத்தைக் கட்டியவர்களின் வம்சத்தைச் சந்தையில் பார்த்துவிட்டு மடத்துக்குள் நுழைவது வேறு மாதிரி அனுபவம். அமைதிதான் முக்கியம் என்றால் செவ்வாய் அல்லது வியாழன்.

காலையில் திறந்ததும் நுழைந்து, மடத்தின் உட்பகுதியை முதலில் முடித்துவிட்டு, பிற்பகலில் முகப்பையும் திறந்தவெளிச் சிற்றாலயத்தையும் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்தக் காலத்து மெக்சிகோ கோயில்கள் பெரும்பாலும் பீடம் கிழக்கிலும் வாசல் மேற்கிலுமாக அமைந்தவை. சாயங்கால வெயில் விழும்போதுதான் கல்லின் செதுக்கல் மேலெழுந்து தெரியும்.

விசாவும் பயணமும்

செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு இது பெரிய வசதி. விதிகள் மாறக்கூடும், டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெக்சிகோ நகரத்தில் மெட்ரோ 5ஆம் தடத்தில் 'அவுத்தோபூசெஸ் தெல் நோர்த்தே' என்று ஒரு நிலையம். வெளியே வந்தால் எதிரிலேயே வடக்கு பஸ் நிலையம். அக்தோபான் அல்லது இஸ்மிகில்பான் போகும் பஸ்ஸுக்கு அங்கேயே கவுன்டரில் டிக்கெட் வாங்கலாம். நகரப் போக்குவரத்தைப் பொறுத்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். பஸ் விட்டு இறங்கியதும் கோபுரத்தைத் தேடுங்கள். சதுரமாக, ஒரு கோட்டையின் காவற்கோபுரம் போல ஊருக்கு மேலே நிற்கும். வழி கேட்க வேண்டியிருக்காது.

ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மடத்துக்குள்ளோ கல்லின் குளிர்ச்சி எலும்பில் ஏறும். தொப்பி ஒன்று, ஸ்வெட்டர் ஒன்று. கூடவே சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் இந்தப் பயணத்தின் பயன் இரட்டிப்பாகும். ஓவியங்களில் பாதி தலைக்கு மேலேதான் இருக்கின்றன. பிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும்.

முதல் படி: வெளிமுற்றத்தில் நில்லுங்கள்

வந்தவர்கள் பெரும்பாலும் நேரே வாசலுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதையின் முதல் அத்தியாயம் போய்விடும். இந்த மடங்களில் கோயிலுக்கு முன்னால் விடப்பட்ட பெரிய திடலுக்கு ஒரு காரணம் உண்டு. புதிதாக மதம் மாறியவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு வழிபாடு என்பதே வானத்துக்குக் கீழே நடப்பது; பழைய பிரமிடுக் கோயிலின் உச்சி அறைக்குள் பூசாரி போவார், மக்கள் வெளியே நிற்பார்கள். இத்தனை பேரைக் கூரைக்குள் அடைப்பதும் முடியாது, அவர்களுக்கு அது பழக்கமும் இல்லை. துறவிகள் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மக்கள் திடலில், பீடம் ஒரு பெரிய வளைவுக்குள். அந்த வளைவுதான் அடுத்த படி.

இரண்டாம் படி: திறந்தவெளிச் சிற்றாலயத்தின் நரகம்

கோயிலுக்குப் பக்கத்தில், முன்சுவரே இல்லாத ஒரு வளைகூரை. அகலம் மட்டும் சுமார் 17 மீட்டர். நடுவில் தூண் எதுவும் இல்லாமல் ஒரே வீச்சாகப் போட்டிருக்கிறார்கள். கூரையின் உட்புறம் கட்டம் கட்டமாக மரத்தில் குடைந்தது போலத் தெரியும். உற்றுப் பாருங்கள், எல்லாம் தூரிகை வேலை. சமமான பரப்பில் நிழல் கொடுத்துப் பள்ளமாகக் காட்டியிருக்கிறார்கள்.

பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் வேதாகமக் காட்சிகள்: ஏவாளின் படைப்பு, விலக்கப்பட்ட கனி, வெள்ளப் பெருக்கு, உலக முடிவு, இறுதித் தீர்ப்பு. ஆனால் கண் போய் நிற்பது நரகத்தில்தான். வாயைப் பிளந்து மனிதர்களை விழுங்கும் பெரும் மிருகம். கொம்பு வைத்த பேய்கள் மனிதர்களின் தோலை உரிக்கின்றன, கொப்பரையில் வேகவைக்கின்றன. பூச்சு உதிர்ந்து பல இடங்களில் உருவங்கள் பாதியாக நிற்கின்றன. அப்படியும் அடிவயிற்றைக் கலக்கும் வேகம் குறையவில்லை.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். திடலில் நிற்கும் ஒத்தொமி மக்களுக்காக வரைந்தது இது. எழுத்து தேவையில்லை, மொழி தேவையில்லை. ஒத்தொமி மொழி துறவிகளுக்கு எளிதில் வசப்படவில்லை, படம் கைகொடுத்தது. தியேகோ வலாதேஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1579இல் இத்தாலியில் அச்சிட்ட நூலில், துறவி நீண்ட கோலால் படங்களைச் சுட்டிக்காட்டி மக்களுக்குப் போதிக்கும் காட்சியைச் செதுக்குப் படமாகவே போட்டிருக்கிறார். அந்தப் போதனை நடந்த இடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று உங்களுக்கு இங்கே தெரிந்துவிடும்.

இந்த ஓவியங்கள் நெடுங்காலம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்தன. 1970களில்தான் வெளியே வந்தன. மறைந்து கிடந்ததால்தான் பிழைத்தன என்றும் சொல்லலாம்.

மூன்றாம் படி: முகப்பு, கோபுரம், கோயில்

முகப்பில் ஒரு வாசல் வளைவுக்குள் இன்னொரு வாசல் வளைவு இருப்பது போலச் செதுக்கியிருக்கிறார்கள். வெளி வளைவின் உட்பரப்பில் இருக்கும் கட்டங்கள் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால், இருப்பதைவிட ஆழமாகத் தெரிகிறது. சற்றுத் தள்ளி, நடுக்கோட்டில் நின்று பார்த்தால் இந்த ஏமாற்று வித்தை நன்றாக வேலை செய்யும். கோபுரத்தில் வட ஆப்பிரிக்க, அந்தலூசிய இஸ்லாமியக் கட்டடங்களின் சாயல் இருக்கிறது. கிரனாடா 1492இல்தான் ஸ்பானிய அரசர்களிடம் வந்தது. அந்தக் கைப்பழக்கம் கடல் தாண்டி இங்கேயும் வந்திருக்கிறது.

கோயிலின் உட்புறத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பிற்காலத்தில் நிறைய மாற்றிவிட்டார்கள். கூரையின் கல் நரம்புகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, யாராவது செபம் செய்துகொண்டிருந்தால் இடைஞ்சல் இல்லாமல் வெளியே வந்துவிடுங்கள். மடத்துக்கு வாசல் தனி, டிக்கெட்டும் தனி.

நான்காம் படி: நடுமுற்றத்தைச் சுற்றி வாருங்கள்

மடத்துக்குள் நுழைந்ததும் திறந்த நடுமுற்றம், நாலு பக்கமும் இரண்டடுக்குத் தாழ்வாரம். கீழே கூர் வளைவுகள், மேலே அரைவட்ட வளைவுகள். கீழ்த்தளம் ஐரோப்பாவின் பழைய கோதிக் பாணி, மேல்தளம் அப்போது புதிதாக வந்திருந்த மறுமலர்ச்சிப் பாணி. இரண்டுக்கும் நடுவே நூற்றாண்டுகள் இருக்க வேண்டும். இங்கே ஒரே கட்டடத்தில், ஒரே தலைமுறையில் இரண்டும் அடுக்கி நிற்கின்றன. அத்தனை தூரத்திலிருந்து வந்தவர்கள் நினைவில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கட்டியிருக்கிறார்கள்.

பழங்கால வழக்கப்படி மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். சுவரின் மேல்விளிம்பில் ஓடும் அலங்காரப் பட்டையைக் கவனியுங்கள். இலை, கொடி, தேவதைத் தலை, பாதி மனிதன் பாதி செடி. இந்தக் கரைகள் அந்தக் காலத்து அச்சுப் புத்தகங்களின் முகப்புப் பக்க அலங்காரத்திலிருந்து வந்தவை. கையகலத்தில் இருந்ததைத் தாழ்வார நீளத்துக்குப் பெருக்கி எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: செப அறையும் உணவுக்கூடமும்

சாப்பாட்டுக்குப் போகும் முன் துறவிகள் கூடி, இறந்தவர்களுக்காக 130ஆம் சங்கீதத்தைச் சொல்லும் அறை ஒன்று உண்டு. லத்தீன் தொடக்கச் சொற்களால் 'தெ புரோஃபுந்திஸ்' அறை என்றே அழைக்கிறார்கள். அங்கே ஒரு சுவர் முழுவதும் பாலைவனத் தபசிகள். எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்த ஆதிகாலத் துறவிகளின் வாழ்க்கை சின்னச் சின்னக் காட்சிகளாக மலை, பாறை, மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. ஒரு குகையில் ஒருவர் செபிக்கிறார், இன்னோர் இடத்தில் சோதனை வந்து நிற்கிறது. தொடக்கமும் முடிவும் கிடையாது. கண் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். அகுஸ்தினார் சபையினர் தங்களை இந்தத் தபசிகளின் வாரிசாகக் கருதினார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மெஸ்கித்தால் வறண்ட நிலம் அவர்களுக்குத் தங்கள் பாலைவனமாகத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உணவுக்கூடத்தின் வளைகூரையிலும் கட்ட ஓவியம்தான், செங்காவி நிறம் இன்னும் பிரகாசமாக இருக்கிறது. சுவரில் சிறு மேடை ஒன்று பிதுங்கி நிற்கும். மற்றவர்கள் பேசாமல் சாப்பிடும்போது ஒருவர் அதில் ஏறி நல்ல நூல் ஒன்றை உரக்க வாசிப்பார்.

ஆறாம் படி: படிக்கட்டு

மற்ற எதற்கு நேரம் இல்லாமல் போனாலும் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மெக்சிகோவின் மடங்களிலேயே பேர்போன ஓவியச் சுவர் இது. மேல்தளத்துக்குப் போகும் அகலமான படிக்கட்டைச் சூழ்ந்த உயரமான சுவர்கள் முழுவதும், அடுக்கடுக்காக, தரையிலிருந்து கூரை வரை கறுப்பு வெள்ளையில் ஓவியம். ஒவ்வொரு அடுக்கிலும் வரைந்த தூண்கள், வரைந்த வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு துறவி, ஓர் ஆயர், ஒரு கர்தினால், ஒரு போப்பாண்டவர். அனைவரும் அகுஸ்தினார் மரபின் புனிதர்களும் அறிஞர்களும். நாற்காலியில் உட்கார்ந்து மேசை மேல் புத்தகத்தைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பேய் இல்லை, நெருப்பு இல்லை, கூச்சல் இல்லை. எல்லோரும் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

வெளியே பார்த்த நரகத்தை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது திடலில் நின்ற மக்களுக்கு. இது தினமும் இந்தப் படியேறி அறைக்குப் போன சில துறவிகளுக்கு. ஒரே மடம், ஏறக்குறைய ஒரே காலம். மக்களுக்குப் பயத்தைக் காட்டினார்கள். தங்களுக்கு அறிவின் பரம்பரையைக் காட்டிக்கொண்டார்கள். குடியேற்ற ஆட்சி எப்படி இயங்கியது என்று பல புத்தகங்கள் விளக்கிச் சொல்வதை இந்த இரண்டு சுவர்களும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

ஆனால் இந்தக் கணக்கைக் கலைக்கும் ஒரு படமும் இங்கேயே இருக்கிறது. படிக்கட்டுப் பகுதியின் கீழே, அறிஞர் வரிசையெல்லாம் தொடங்கும் முன், மூன்று பேர் மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். ஒருவர் துறவி மார்த்தின் தெ அசெவேதோ. மற்ற இருவரும் உள்ளூர்த் தலைவர்கள்: அக்தோபானின் ஹுவான் இனிகா, இஸ்குயின்குயித்லாபில்கோவின் பெத்ரோ. கறுத்த முகம், குறுகிய முடி, தோளில் முடிந்த போர்வை. சுவரில் இருக்கும் மற்ற எவரையும்விட இவர்கள் சின்ன உருவம். ஆனால் மேலே இருப்பவர்களெல்லாம் என்றோ, எங்கோ ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள். இந்த இருவரும் இந்த மண்ணில் நடந்தவர்கள். ஆள் அனுப்பியவர்களும், கல்லும் சோளமும் கொடுக்கவைத்தவர்களும் இவர்களைப் போன்ற தலைவர்கள்தான். அதற்கு ஈடாகச் சுவரில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பெருமையா, பணிவா, பேரமா என்று அந்த முகங்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. வழிகாட்டிகள் சிலர் இவர்களைக் காட்டாமலேயே மேலே அழைத்துப் போய்விடுவார்கள். நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

சுவரைக் கிட்டே போய்ப் படிப்பது எப்படி

தொடாதீர்கள், சாயாதீர்கள், இது முதலில். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முழம் தூரம் வரை போகலாம்.

கறுப்புக் கோட்டைப் பாருங்கள். கரியைக் குழைத்த மையில் கையெழுத்துப் போல ஒரே இழுப்பில் போட்ட கோடு. சுண்ணாம்புப் பூச்சை வழவழப்பாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். நிழல் வேண்டிய இடத்தில் வண்ணத்தைப் பூசாமல் நெருக்கமான இழைகோடுகளாகக் கீறியிருப்பது தெரியும். மாதிரியாகக் கொடுத்த அச்சுப் படத்தில் மரத்திலோ செம்பிலோ செதுக்கிய கோடுகள் அவை. அச்சுப் படம் கறுப்பு வெள்ளை என்பதால் சுவரும் கறுப்பு வெள்ளை. முகம் எப்படித் திரும்பியிருக்கிறது, துணி எப்படி மடிகிறது என்பதெல்லாம் ஐரோப்பிய மாதிரி. கோட்டின் உறுதி மட்டும் உள்ளூர் மரபு.

அடுத்து, ஓவியத்தின் மேல் சிறு சிறு கொத்துக் குழிகள் இருக்கிறதா என்று இந்த மடத்திலும் மற்ற மடங்களிலும் தேடிப் பாருங்கள். பிற்காலத்தில் புதுப்பூச்சு பிடித்துக்கொள்வதற்காகச் சுத்தியலால் கொத்திய வடு அது. மடங்கள் இரண்டு முறை கைமாறின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பங்குகளைத் துறவற சபைகளிடமிருந்து ஆயர்களிடம் மாற்றினார்கள். 1859இல் பெனித்தோ ஹுவாரெஸ் அரசு திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. பிறகு மடங்கள் சிறை, பட்டாளக் கொட்டகை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று எதற்கெல்லாமோ பயன்பட்டன. அக்தோபான் மடத்தை 1933இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஏழாம் படி: மேல்தளமும் தோட்டமும்

மேலே துறவிகளின் அறைகள். அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னல் சுவரின் கனத்திலேயே குடைந்த கல் இருக்கை. அதில் ஒரு நிமிடம் உட்காருங்கள், சுவர் எத்தனை கனம் என்று உடம்புக்குத் தெரியும். அறைகளில் இப்போது சமய ஓவியங்களும் சிற்பங்களும் வைத்திருக்கிறார்கள். களைப்பாக இருந்தால் இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். படிக்கட்டைப் பார்த்த கண்ணுக்கு இவை சாதாரணமாகத்தான் தெரியும். பின்புறம் பெரிய தோட்டமும் நீர் சேமித்த தொட்டியும் இருக்கின்றன. மழை குறைந்த பூமியில் இந்த மடம் எப்படித் தண்ணீரைத் தேக்கி வாழ்ந்தது என்று அங்கே புரியும்.

எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் நரகச் சுவரையும் தபசிகளின் சுவரையும் மட்டும் காட்டுங்கள். உருவங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பிடிக்கும்.

சாப்பாடு

அக்தோபான் ஆட்டுக்கறி பார்பகோவாவுக்குப் பேர்போன ஊர். குழி வெட்டி, கற்றாழை மடலில் ஆட்டைப் பொதிந்து, இரவு முழுக்க மூடி வேகவைப்பார்கள். மடலுக்குள் கறியைக் கட்டி வேகவைக்கும் 'சிம்போ' என்ற பதார்த்தமும் இந்த ஊருக்கே உரியது. காலையிலேயே போனால்தான் நல்லது கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பூசணிப்பூ அல்லது காளான் வைத்த கேசடியா, சப்பாத்திக் கள்ளி மடலில் செய்த நோபால் கறி கேட்கலாம். பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். 'சின் கார்னே' என்றால் கறி வேண்டாம், 'சின் மன்தேகா' என்றால் அந்தக் கொழுப்பு வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிற்பகல் மிச்சமிருந்தால்: இஸ்மிகில்பான்

அதே நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 40 கி.மீ. போனால் இஸ்மிகில்பானின் மிக்கேல் அதிதூதர் கோயில். பஸ்ஸும் பகிர்வு வேனும் கிடைக்கும். அக்தோபானைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்டாயமான ஆலோசனை, காரணம் இங்கே நம் கேள்வி தலைகீழாகிவிடுகிறது.

கோயிலின் நடுக்கூடத்தில், இரண்டு பக்கச் சுவரிலும் நீண்ட பட்டையாக ஒரு போர் நடக்கிறது. ஜாகுவார்த் தோலும் கொயோட்டி ஓநாய்த் தோலும் போர்த்திய போர்வீரர்கள், கையில் எரிமலைக் கண்ணாடி பிளேடு பதித்த மரவாள். அவர்களோடு மோதுபவர்கள் இலைக்கொடிகளுக்குள்ளிருந்து முளைத்து வரும் அரக்கர்கள். பாதி மனிதன் பாதி குதிரையாக இருக்கும் கிரேக்கக் கதையின் சென்டார் ஒன்று நிற்கிறது. அதன் காலில் உள்ளூர் வார்ச்செருப்பு! சில வீரர்கள் வெட்டிய தலையைக் கையில் பிடித்திருக்கிறார்கள். வாயிலிருந்து சுருள் சுருளாக ஏதோ புறப்படுகிறது; ஸ்பானியருக்கு முந்தைய ஓவியங்களில் பேச்சைக் காட்டும் முறை அது. நீலப்பச்சையும் காவியுமாக, ஒரு கிறிஸ்தவக் கோயிலின் உள்ளே, பலிபீடம் வரை போகிறது இந்தப் போர்.

இதை ஏன் வரையவிட்டார்கள்? நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர், மிக்கேல் சாத்தானை வீழ்த்திய கதையின் உள்ளூர் வடிவம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். 1550 முதல் 1590 வரை வடக்கே சிச்சிமேகா மக்களோடு நடந்த போரில் ஒத்தொமி வீரர்கள் ஸ்பானியர் பக்கம் நின்றார்கள், அந்த வீரத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியாக இருக்கலாம். அக்தோபான் படிக்கட்டில் மண்டியிட்டிருந்த மக்கள் இங்கே எழுந்து நிற்கிறார்கள் என்பது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியும்.

இதுவும் சுண்ணாம்புக்கு அடியில் கிடந்து 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளிவந்ததுதான். வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் தனி டிக்கெட் கிடையாது. பூசை நேரத்தில் சுவரோரம் நடக்க வேண்டாம், முடியும் வரை பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள். முழங்கால் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள். மெக்சிகோ நகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால்

பச்சூக்கா நகரத்தில் தங்கிக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போகலாம். எபாசோயூகான் மடத்தின் தாழ்வாரத்தில் இயேசுவின் பாடுகளை வரைந்திருக்கிறார்கள். துக்கத்தை இவ்வளவு அடக்கமாகக் காட்டிய ஓவியங்கள் இந்தப் பகுதியில் வேறில்லை என்பேன். அதோதோனில்கோ எல் கிராந்தே மடத்தின் படிக்கட்டில் அகுஸ்தினாரைச் சுற்றி சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், பிதாகரஸ், செனெகா, சிசரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத ஆறு பேருக்கு ஒரு மடத்தில் இடம் கொடுத்ததே வியப்புதான். சோசோதேகோ என்ற சிற்றூரின் சின்னக் கோயிலில் அக்தோபானின் நரகத்தைப் போலவே இன்னொரு நரகம், கள் குடிப்பவர்களுக்குப் பக்கத்தில் பேய் நிற்கும் காட்சியோடு. அது மலைச்சாலை, டாக்சி பேசிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.